சாணார்பட்டிக் கிணற்று மோட்டார்

அறுபத்திரண்டாம் வருஷம். சனாவுல்லா சாணார்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. திண்டுக்கல்லில் மோட்டார் விற்கும் கடையில் அவர் மெக்கானிக். பொன்னழகு என்ற பெண்ணின் தோட்டத்திலிருந்து ஓயாமல் ஒரே புகார்: மோட்டார் சரியில்லை. வேறு விவரம் கிடையாது. முன்பு பார்க்கப் போன அதே கடை மெக்கானிக் கருப்பணன், கிணற்றுக்குள்ளேயே கரண்ட் அடித்துச் செத்துப்போனான்.

ஆழக் கிணறு. பாதி ஆழத்தில் கல் மேடை, அதன்மேல் மோட்டார். ஸ்விட்ச் மேலே கொட்டகையில். பாசி வாடையோடு ஏதோ கருகிய நாற்றமும் மெல்ல ஏறி வந்தது.

"சரியில்லன்னா எனக்கு என்ன தெரியும்க்கா? நீங்க என்ன செஞ்சீங்க, அது என்ன செஞ்சுச்சு? பாத்தது, கேட்டது அம்புட்டையும் சொல்லுங்க."

பொன்னழகு கிணற்றைப் பார்க்காமலே பேசினாள்.

"ஓடிக்கிட்டே இருக்கும், நின்னுபோகும். ஸ்விட்ச அணைச்சிருவேன். செத்த நேரத்துல கீழேருந்து 'போடு'ன்னு கேக்கும்."

"கீழ யாரு?"

"யாருமில்ல."

"இத கருப்பணன்கிட்டச் சொன்னீங்களா?"

"கிறுக்கின்னு நெனச்சிருவாருன்னு சொல்லல, பாய்." அவள் குரல் தேய்ந்தது. "அன்னைக்கும் கேட்டுச்சு. அவருதான் சொல்றாருன்னு போட்டுட்டேன்."

சனாவுல்லா கொட்டகைக்குள் போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் குரல்லயே கேட்டாலும் ஸ்விட்சத் தொடாதீங்க."

படிகளில் இறங்க இறங்க வெளிச்சம் வடிந்தது. மேடையில் நின்று மூடியைக் கழற்றினார். கம்பிகளில் ஒரு குறையும் இல்லை. இன்னும் குனிந்தார்.

காதோரத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"போடு."

அது அவருடைய குரல்.

மேலேயிருந்து பொன்னழகு கேட்டாள். "நீங்களா, பாய்?"

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது.

ஃபியூஸ் அவர் பையில்தான் இருந்தது.

மறுநாளே கடையிலிருந்து ஆட்கள் போய் கம்பியை அறுத்து, மோட்டாரையும் குழாயையும் மாட்டுவண்டியில் ஏற்றி வந்துவிட்டார்கள்.

மழைக்காலம் கழிந்து பொன்னழகு கடைக்கு வந்தாள். இந்தத் தடவை யாரும் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"மோட்டார் இல்ல. குழாய் இல்ல. கம்பியும் இல்ல. நேத்துப் பொழுது சாயுறப்ப கிணத்து வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. கைய வச்சுப் பாத்தேன்."

சனாவுல்லா நிமிர்ந்தார்.

"வெதுவெதுன்னு இருந்துச்சு, பாய். ஒடம்புச் சூடு மாதிரி."