மான் கடித்த பாடம்

ஞானமலர்ச் சித்திக்கு நீளமான விரல்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பக்கத்து வீட்டுக் கொய்யாப்பழத்தைப் பறித்துவிடுவாள். போத்தலின் அடியில் கிடக்கும் கடைசி முறுக்கும் அவளிடமிருந்து தப்பாது. அந்த விரல்கள் வயலின் கம்பிகளில் ஓடும்போது, தெருவில் போகிற சைக்கிள்காரர்கூட ஒரு காலை ஊன்றிக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சித்தி சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் பழக்குவாள். வெளிநாட்டுப் புத்தகங்கள் கப்பலில் வருவது நின்றுபோன காலம் அது. அதனால் சித்தியே ‘வயலின் முதலாம் புத்தகம்’ என்று ஒன்றை எழுதி அச்சடித்திருந்தாள்.

பிள்ளைகள் ஆசையாய்த்தான் வந்தார்கள். நாலாம் பாடம் வந்ததும்தான் தொல்லை. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வயிற்றுவலி. இன்னொருவனுடைய மாமாவுக்கு ஒரே வருடத்தில் மூன்று தரம் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் மண்டபத்துப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

“பிள்ளையளிலை பிழை இல்லை. புத்தகத்திலைதான் ஏதோ பிழை,” என்றாள் சித்தி. குசினியில் சாப்பிடுகிற மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தாள். பழைய பாடங்களில் பாதியைத் தூக்கி எறிந்தாள். புதிதாய்ப் பல பாடங்கள் எழுதினாள். முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டாள், பின்னால் இருந்ததை முன்னால் போட்டாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

ஒருவழியாகப் புத்தகம் முடிந்தது. அன்று காலையில் சித்தி லோஞ்ச் படகில் மூதூருக்குப் புறப்பட்டாள். அங்கே ஒரு கலியாண வீட்டில் அவள் வாசிக்க வேண்டும். போகும்போது தாள்களை ஒன்றாக அடுக்கி, அறுந்துபோன பழைய வயலின் கம்பியால் கட்டி, இன்பமலரின் கையில் கொடுத்தாள். இன்பமலர் சித்தியின் அக்காவின் மகள். அவளுக்குப் பத்து வயது. மூன்று வருடமாக வயலின் பழகுகிறாள்.

“அச்சுக்கூடத்து யோகலிங்கம் அண்ணை இண்டைக்கு இரவு மெயில் வண்டியிலை கொழும்புக்குப் போறார். இசைக்குறியளைப் படம் பிடிச்சு அச்சடிக்கிறது அங்கைதான். விட்டால் இனி நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகுதான் போவாராம். லோஞ்ச் பிந்தினாலும் பிந்தும், அதுதான் உன்னட்டைத் தாறன்.”

“பாடங்களுக்கு எண் போடேல்லையே, சித்தி?”

“அழிச்சு அழிச்சு எண் மாத்தினதிலை தாள் ஓட்டையாப் போச்சு. இப்ப அடுக்கியிருக்கிறதுதான் ஒழுங்கு. யோகலிங்கம் அண்ணை பார்த்து எண் போடுவார். கட்டை மட்டும் அவிழ்த்துப்போடாதை, என்ன?”

“ஓம் சித்தி.”

இன்பமலர் அவிழ்ப்பதாகவே இல்லை. ஆனால் ‘உன்ரை பேரிலையும் ஒரு பாடம் எழுதுறன்’ என்று சித்தி எப்போதோ சொல்லியிருந்தாள். அச்சுக்கூடத்துக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குக் கிட்ட, கடற்கரை ஓரம் அது நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு தரம் பார்த்தால் என்ன என்று மனம் அரித்தது. கட்டைத் தளர்த்தித் தாள்களைப் புரட்டினாள். ‘இன்பத்தின் ஊஞ்சல்’ என்று ஒரு பாடம் இருந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று வீசியது.

தாள்கள் எழும்பின. மணலில் சில, மதிலில் சில, வாகை மரத்தின் கீழே சில. இன்பமலர் அங்கும் இங்கும் ஓடி ஓடிப் பொறுக்கினாள். கோட்டைக்குள் திரியும் மான்களில் வெளியே உலாவ வந்த ஒன்று, காலடியில் வந்து விழுந்த தாளை வாயில் எடுத்துச் சாவகாசமாக மெல்லத் தொடங்கியது.

“விடு, அது சித்தியின்ரை,” என்று கெஞ்சினாள் இன்பமலர்.

மானுக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு மூலையைக் கடித்துத் தின்றுவிட்டு மற்றதைத் துப்பிவிட்டுப் போனது.

தாள்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. ஒழுங்குதான் போய்விட்டது. எது முதலாம் பாடம், எது கடைசி என்று ஒன்றும் தெரியவில்லை. இன்பமலருக்கு அழுகை வந்தது. மூன்று மாத வேலை. அவள் ஒருத்தியை நம்பிக் கொடுத்த வேலை.

அழுதபடியே வீட்டுக்கு ஓடினாள். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். இன்பமலர் தாள்களை நிலத்தில் பரப்பிவிட்டுத் தன் வயலினை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தாள். இலகுவானதை முதலில் வைக்கலாம், கஷ்டமானதைக் கடைசியில் வைக்கலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் எல்லாமே அவளுக்கு இலகுவாக இருந்தன. மூன்று வருடம் பழகியவளுக்கு முதலாம் புத்தகத்தில் கஷ்டம் எங்கே இருக்கப்போகிறது?

தம்பி நிக்கலஸ் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏழு வயது. சித்தியிடம் சேர்ந்து இரண்டு மாதம்தான்.

“எனக்கு அதிலை பாதி வாசிக்க ஏலாது,” என்றான் அவன்.

இன்பமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “தம்பி, உன்ரை வயலினை எடுத்துக்கொண்டு வா. ஓடிப்போய் ரபீக்காவையும் கூட்டிக்கொண்டு வா.”

ரபீக்கா பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மகள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். வயலினை வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறாளே தவிரத் தொட்டதில்லை.

“எனக்கு ஒண்டும் தெரியாதே,” என்றாள் அவள்.

“அதுதான் எனக்கு வேணும். உனக்கு எது வருது, எது வரேல்லை எண்டு பார்த்துத்தான் நான் அடுக்க வேணும்,” என்றாள் இன்பமலர்.

ஒவ்வொரு பாடத்திலும் எந்த விரல் என்று சித்தி எண் போட்டிருந்தாள். பூச்சியம் என்றால் விரலே வைக்காமல் வெறும் கம்பி. நாலு என்றால் சுண்டுவிரல். நிக்கலசின் சின்ன வயலினை ரபீக்காவின் தோளில் வைத்து, வில் பிடிக்கும் விதத்தை இன்பமலர் காட்டினாள். முதல் சத்தம் கேட்டதும் கூரையில் இருந்த காகம் எழுந்து பறந்தது. ரபீக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்ட உம்மா இதைக் கேட்டால் பூனையை விரட்ட வருவா,” என்றாள்.

ரபீக்காவுக்கு உடனே வந்த தாள்களை இன்பமலர் கதிரையில் வைத்தாள். அவளுக்கு வராமல் நிக்கலசுக்கு வந்தவை வாங்குப் பலகையில் போயின. நிக்கலசுக்கும் நாலைந்து தரம் முயன்ற பிறகே வந்தவை பாயில் போயின. இருவருக்கும் வராதவை ஜன்னலில் இருந்தன.

‘லோஞ்ச் ஊதுது’ என்ற பாடத்தை எடுத்தபோது இன்பமலர் தயங்கினாள். பழைய புத்தகத்தில் அதுதான் கடைசிப் பாடம். இரண்டு வெறும் கம்பிகள்தான், ஆனால் வில்லை நுனிவரை இழுத்து வாசிக்க வேண்டும். அது பெரிய பிள்ளைகளுக்கு என்று சித்தி சொல்வாள்.

“இது என்ன, மூதூர் லோஞ்சா? தா,” என்று தாளை வாங்கினாள் ரபீக்கா. அந்தச் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். வில்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தாள். பாம்... போம்... என்று வீடு அதிர்ந்தது. பிறகு நிக்கலஸ் ஊதினான். இருவரும் மாறி மாறி ஊதினார்கள். நிறுத்தச் சொல்லி நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. பிறகு ரபீக்காவே அந்தத் தாளைக் கதிரையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

கடைசியில் மான் கடித்த தாள் வந்தது. அது ‘சுண்டுவிரல் பாடம்’. நிக்கலஸ் விரலை நீட்டினான். எட்டவில்லை. கையை முறுக்கினான், பல்லைக் கடித்தான், நாக்கைக்கூட வெளியே நீட்டினான். சுண்டுவிரல் மட்டும் அந்த இடத்துக்குப் போகவில்லை.

“எனக்கு வயிறு வலிக்குது,” என்றான் அவன்.

இன்பமலர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய புத்தகத்தில் இதுதான் நாலாம் பாடம். காய்ச்சலும் வயிற்றுவலியும் மாமாவின் கலியாணங்களும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் ‘சுண்டுவிரலைத் தொடக்கத்திலையே பழக்க வேணும்’ என்று சித்தி நேற்றும் சொன்னாள். இந்தத் தாள் புதிய அடுக்கிலும் முன்னால்தான் இருந்திருக்கும். அதை எங்கே வைப்பது?

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கதிரை, வாங்கு, பாய், ஜன்னல் என்ற வரிசையில் மற்றத் தாள்களை அடுக்கிக் கட்டி, மான் கடித்ததைத் தனியே பிடித்துக்கொண்டு மூவரும் அச்சுக்கூடத்துக்கு ஓடினார்கள். நிக்கலஸ் வயலினையும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தான். யோகலிங்கம் சூட்கேசும் குடையுமாக வாசலில் நின்றார்.

“இப்பதானோ வாறியள்? தா பிள்ளை, நேரம் போகுது.” அவர் கையை நீட்டினார்.

கொடுத்துவிடலாம். தாள்கள் அடுக்காகத்தான் இருந்தன, கட்டியும் இருந்தது. அவர் இப்படியே எண் போட்டுக் கொண்டுபோய்விடுவார். இன்பமலரின் கை கொஞ்சம் முன்னால் போனது. பிறகு பின்னால் வந்தது.

“மாமா, இது சித்தி அடுக்கின ஒழுங்கு இல்லை. காத்திலை பறக்க விட்டிட்டன். சித்தி ஒருக்காப் பார்க்க வேணும்.”

“மெயில் வண்டி உன்ரை சித்திக்காக நிக்காது, பிள்ளை.”

அப்போது துறைமுகப் பக்கமிருந்து பாம்... போம்... என்று லோஞ்ச் ஊதியது.

“அந்தா வந்திட்டா. வாங்கோ மாமா,” என்று இன்பமலர் அவருடைய சூட்கேசைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சூட்கேஸ் போனால் யோகலிங்கம் போகாமல் என்ன செய்வார்? குடையை ஆட்டி ஆட்டிப் பின்னாலேயே ஓடி வந்தார்.

சித்தி வயலின் பெட்டியோடு இறங்குதுறையில் இறங்கினாள். மூச்சு வாங்க இன்பமலர் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டை அவிழ்த்ததையும் மறைக்கவில்லை. சித்தியின் முகம் சிவந்தது.

“அவிழ்க்காதை எண்டுதானே சொன்னனான்?”

“ஓம் சித்தி. என்னிலைதான் பிழை.”

சித்தி தாள்களைப் பறித்து மேலே இருந்ததைப் பார்த்தாள். “லோஞ்ச் ஊதுது? முதலாம் பாடமோ? இது ஒரு வருசம் பழகின பிள்ளைக்கு எழுதினது. ஆர் இதை மேலை வைச்சது?”

“நான்தான்,” என்றாள் ரபீக்கா பயந்தபடி. “எனக்கு ஆக நல்லா வந்தது அதுதான், ரீச்சர்.”

“நீ எப்ப வயலின் பழகினனீ?”

“இண்டைக்கு மத்தியானம்.”

நிக்கலஸ் வயலினை ரபீக்காவிடம் கொடுத்தான். ரபீக்கா வில்லை நுனிவரை இழுத்தாள். பாம்... போம்... கயிறு சுற்றிக்கொண்டிருந்த லோஞ்ச்காரர் தன் லோஞ்சைத்தான் யாரோ ஊதுகிறார்கள் என்று பதறித் திரும்பிப் பார்த்தார். ரபீக்கா அதோடு நிற்கவில்லை. இரண்டாம் தாள், மூன்றாம் தாள், நாலாம் தாள் என்று வாசித்துக்கொண்டே போனாள். தடுமாறித்தான் வாசித்தாள், ஆனாலும் வாசித்தாள். நாலாம் பாடம் முடிந்ததும் நிமிர்ந்து, “அடுத்ததை வாசிக்கட்டோ?” என்றாள்.

நாலாம் பாடத்துக்குப் பிறகு அடுத்தது கேட்ட பிள்ளையைச் சித்தி கண்டதே இல்லை.

“சுண்டுவிரல் பாடம் எங்கை?”

இன்பமலர் அதைத் தனியாக நீட்டினாள். “இதை மட்டும் நான் அடுக்கேல்லை. நீங்கள் முன்னுக்கு வைப்பியள் எண்டு தெரியும். ஆனால் தம்பியின்ரை விரல் எட்டுதில்லை.”

சித்தி நிக்கலசின் கையைத் தன் கையில் எடுத்தாள். அவனுடைய சுண்டுவிரலை விரித்துத் தன் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது அவளுடைய விரலில் பாதிகூட இல்லை. சித்தி சிரிக்கத் தொடங்கினாள். சூட்கேசின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“மூண்டு மாதமா நான் என்ரை கையை வைச்செல்லோ புத்தகம் திருத்தியிருக்கிறன்,” என்றாள். “மூலைக்கு என்ன நடந்தது?”

“மான் கடிச்சுப் போட்டுது. அதுக்கும் பிடிக்கேல்லை,” என்றான் நிக்கலஸ்.

“தங்கச்சி, மெயில்,” என்று நினைவூட்டினார் யோகலிங்கம். தன் சூட்கேசின் மேல் இருப்பவளை எழுப்பவும் அவருக்குத் தயக்கமாக இருந்தது.

சித்தி அவருடைய பையிலிருந்த பேனையை வாங்கினாள். பிள்ளைகள் அடுக்கிய ஒழுங்கிலேயே மளமளவென்று எண் போட்டாள். மான் கடித்த தாளைக் கடைசியில் வைத்தாள். யோகலிங்கம் கட்டை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிய ஓட்டத்தில் குடையை மறந்துவிட்டார். மெயிலை மறக்கவில்லை.

நத்தாருக்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது. கொழும்பில் அச்சு செய்தவர்கள் மிகவும் கவனமானவர்கள். தாளில் இருந்ததில் ஒன்றையும் விடவில்லை. கடைசிப் பக்கத்தின் மூலையில் மானின் பல் பட்ட இடமும் வளைந்த கோடாக அப்படியே பதிந்திருந்தது. சித்தி முதலில் தலையில் கை வைத்தாள். பிள்ளைகளோ அதற்கு ‘மான் பாடம்’ என்று பெயர் வைத்து, யார் முதலில் மானிடம் போவது என்று போட்டி போட்டார்கள். அதன் பிறகு யாருடைய மாமாவுக்கும் இரண்டாம் தரம் கலியாணம் நடக்கவில்லை. ரபீக்கா இப்போது வேலிக்கு மேலால் பார்ப்பதில்லை, மண்டபத்தில் முன் கதிரையில் இருக்கிறாள்.

நிக்கலஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடம் தொடங்கும்முன் தன் சுண்டுவிரலைச் சித்தியின் விரலோடு வைத்து அளந்து பார்ப்பான். அடுத்த வருடம் ஒரு நாள், கடைசிப் பக்கத்தைத் தானே திறந்து வைத்தான். விரலை நீட்டினான். கையை முறுக்கவில்லை, நாக்கை நீட்டவுமில்லை.

“எட்டுது, சித்தி,” என்றான்.

“எட்டுது,” என்றாள் சித்தி. “இனி இரண்டாம் புத்தகத்தை எழுத வேணும். பின்னேரம் ரபீக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்டை வா.”

அன்றிரவு சித்தி வீட்டில் எல்லோரும் மறுபடியும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.