குட்னியின் பாட்டில் புகுந்த இரைச்சல்

பெர்கன் நகரில் மழை விடாத ஒரு காலையில் பாடகி குட்னி, வானொலி நிலையத்தில் முப்பது வருடம் கருவிகளைப் பழுதுபார்த்த மாரித்தைத் தேடி வந்தாள். மறுநாள் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பிறகு குரல் வருமா என்பதற்கு டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. கடைசியாகப் பாடிப் பதிவுசெய்த ஆறு பாட்டிலும் வண்டு குடைவது போல இரைச்சல். தன்னோடு வேலை பார்க்கும் அவுடுனின் பழைய எதிரொலிப் பெட்டிதான் காரணம் என்று ஒலிப்பதிவாளன் ஐவின் சொல்ல, ஸ்டுடியோக்காரர்கள் அவுடுனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மாரித் தன் நண்பர் ஹால்வாரையும் குட்னியையும் அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். ஐவின் மீன் வைத்த ரொட்டியை மென்றுகொண்டே பேசினான். பெட்டியை ஒலிப்பதிவு மேசையோடு இணைக்க அவுடுன் செய்த ஒயரைத் தான் தொட்டதே இல்லையாம்.

"ஒயர்ல குறை இல்லக்கா. உள்ள வலைக்கு ரெண்டு முனையிலயும் ஈயம் வெச்சிருக்கான். பெட்டிதான் குப்பை."

மாரித் பெட்டிப் பக்கத்து பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே மற்ற ஈயமெல்லாம் மங்கிச் சாம்பல் பூத்திருக்க, ஒரு பொட்டு மட்டும் பளபளத்தது.

"இது புதுசு" என்றார் ஹால்வார் ஆவலாக.

"ஆமா. பெட்டியில ரெண்டு கம்பிதான், மேசையில மூணு. அதனால கம்பி மேல சுத்தின வலைய மேசைப் பக்கம் மட்டும் சேர்க்கணும். இந்தப் பக்கமும் சேர்த்தா எர்த் வளையமாயிடும், கரண்டு சுத்திச் சுத்தி இரையும். அவுடுன் அறுத்துத்தான் விட்டிருக்கான், வெட்டின தடம் இருக்கு." ஐவினைப் பார்த்தாள். "மூடியத் திறக்காம உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. தொடாதவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

ஐவின் மெல்லுவதை நிறுத்தினான். தலைமைப் பதவி அவுடுனுக்குப் போகப் போகிறது, அதனால்தான் என்று முனகினான்.

"காதுல ஹெட்போன வெச்சுக்கிட்டு ஆறு பாட்டுலயும் இந்த இரைச்சலக் கேட்டிருக்க. குட்னிகிட்ட பிரமாதம்னு வேற சொல்லியிருக்க. ச்சீ" என்றாள் மாரித்.

அவன் கையிலிருந்த ரொட்டியின் வாடைகூட எட்டாதபடி ஒயரைத் தள்ளி எடுத்துப் போனாள். புது ஈயத்தை உருக்கி எடுத்தாள். இரைச்சல் நின்றது. ஹால்வார் அவுடுனுக்குப் போன் செய்தார். அரை மணியில் வந்து சேர்ந்தவன், மேசை முன் உட்கார்ந்தான்.

"இப்பவே பாடிடுறீங்களா?" என்று கேட்டாள் மாரித்.

குட்னி மைக்கருகே போனவள், ஓரடி பின்வாங்கினாள்.

"பாடுறேன். முதல்ல ஐவின் தொட்ட இந்த மைக்க மாத்துங்க."