ஒரிஜினல் ஜெயசுதா எங்கே?

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஈஸ்வரமூர்த்தி டீ கிளாஸை வைத்துவிட்டு எடுத்தார்.

"சார்... என்ற சம்சாரத்தைக் கடத்தீட்டாங்க. இல்லீன்னா கொன்னுட்டாங்க. அவளாட்டமே ஒருத்தி ஊட்டுக்குள்ள பூந்துட்டா சார்... சோறு வேற போடறா!"

ஜீப் பறந்தது.

கதவைத் திறந்தவளின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"நாந்தானுங்க ஜெயசுதா. போன வாரம் இவரு பல்லடம் ரோட்டுல வண்டியில இருந்து விழுந்து மண்டையில அடிங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் இந்தக் கூத்துங்க. என்னை ஊட்டை விட்டே போகச் சொல்றாருங்க."

உள்ளேயிருந்து குமாரவேல் வந்தான். தலையில் கட்டு. பனியன் கம்பெனியில் குவாலிட்டி செக்கர். ஒரு தையல் பிசகினாலும் பீஸைத் தூக்கி எறிகிற ஆள்.

"நல்லாப் பாருங்க சார். கலர் கரெக்ட். அளவு கரெக்ட். மூக்குத்தி கூட கரெக்ட். ஆனா இது டூப்ளிகேட் பீஸுங்க."

"ரேஷன் கார்டு போட்டோல இவங்கதானேய்யா இருக்காங்க?"

"அங்கதானுங்க கடத்துனவங்க கெட்டிக்காரத்தனம்."

இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. இருவரையும் ஜீப்பில் ஏற்றி, மூளை நரம்பு டாக்டர் மைதிலியிடம் கொண்டு போய் நிறுத்தினார்.

டாக்டர் அவனைப் பரிசோதித்து அடுத்த அறையில் உட்கார வைத்தார். பிறகு ஜெயசுதாவிடம் வந்தார்.

"அவருக்கு உங்க முகம் தெரியுதும்மா. ஆனா பார்த்ததும் நம்மவதான்னு மனசுல ஒரு பாசம் வருமே... மூளையில அந்தப் பாதை அடிபட்டிருக்கு. முகம் இருக்கு, பாசம் வரலை. அப்ப இவ போலினு மூளை முடிவு கட்டிடுது. குரலுக்குப் பாதை வேற. செல்லுல பேசிப் பாருங்க."

ஜெயசுதா நம்பரை அழுத்தினாள். இதிலும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்... அவளுக்கு வீடும் இல்லை, புருஷனும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ரிங்டோன் கேட்டது.

"ஏனுங்க... நாந்தானுங்க."

"சுதா..." அவன் குரல் உடைந்தது. "எங்க புள்ள போயிட்டே? நீ இல்லாம ஊடு ஊடாட்டமே இல்ல. ஒரு வாய் சோறு எறங்கல. உன்னைப் பாக்காட்டி செத்தே போயிருவேன் புள்ள..."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் கர்சீப்பைத் தேடினார்.

பேலன்ஸ் தீர்ந்து லைன் கட் ஆனது.

டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டினார். "கவலைப்படாதீங்க. இந்த மாத்திரையைக் குடுங்க. சீக்கிரமே பழைய மாதிரி ஆயிடுவார்."

"பழைய மாதிரியா?" ஜெயசுதா திடுக்கிட்டாள். "கண்ணாலம் ஆகி இத்தனை வருசத்துல இவரு எங்கிட்டப் பேசுன ஒரே வார்த்தை, 'உப்புப் பத்தல'ங்கறதுதானுங்க."

சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், மாத்திரைக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. மொதல்ல ஒரு டாப்-அப் கார்டு வாங்கிக் குடுங்க!"