இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க

வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுகிறவர்களைக் கண்டால் டாக்டருக்கு அப்படியொரு இளப்பம்.

டாக்டர் என்பது பட்டப்பெயர்தான். வேலை என்னவோ மெக்கானிக். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடி நிற்பார். வால்வா, பேரிங்கா, செயினா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவர் காது தப்பியதே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான். பார்த்து முடித்த வண்டியின் பானெட்டுக்கு உள்பக்கம், மருந்துச் சீட்டு எழுதுகிற தோரணையில், பெயின்ட் பேனாவால் தன் தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு.

யாராவது சத்தம் என்று வந்துவிட்டால் போதும், முகத்தை வெகு அக்கறையாக வைத்துக்கொண்டு, "எப்படி வருது? செஞ்சு காட்டுங்க" என்பார். வந்தவர் கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து, தெரிந்ததைச் செய்வார். "சரியா விழலையே, இன்னொரு தடவை" என்பார் டாக்டர். அதற்குள் வெல்டரும் பெயின்டரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றுவிடுவார்கள். மூன்றாம் தடவை செய்யும்போது யாராவது ஒருவருக்குச் சிரிப்பை மறைக்க இருமல் வரும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓவிய வாத்தியார். போன மாதம்தான் யாரிடமோ வாங்கியிருந்தார். பக்கத்தில் மனைவி, நிறைமாதம்.

"அண்ணே, இன்ஜின்ல ஒரு சத்தம் வருதுண்ணே. மலைக்குக் கீழ ஆஸ்பத்திரிக்குப் போகணும். இறக்கத்துல இறங்கப் பயமா இருக்கு."

"என்ன சத்தம் சார்?"

வாத்தியார் கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார். "கிர்ர்ர்... டொக் டொக். கிர்ர்ர்... டொக் டொக்."

"இன்னொரு தடவை."

செய்தார். இன்னும் ஒரு தடவையும் செய்தார். வெல்டருக்கு இருமல் வந்தது.

"போதுங்க," என்றாள் மனைவி காருக்குள்ளிருந்து. "இவங்க சிரிக்கத்தான் கேக்கறாங்க."

அந்தச் சத்தத்தை எங்கோ, யார் வாயிலோ கேட்ட மாதிரி இருந்தது டாக்டருக்கு. எத்தனை அசடுகளைப் பார்க்கிறோம், யாராயிருந்தால் என்ன என்று விட்டுவிட்டார். இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் காரைப் பின்கொட்டகைக்குள் கொண்டுபோனார்.

பின்கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு பக்கமும் தகரம். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் உள்ளே இருட்டும் பழைய ஆயில் நாற்றமும்தான். பானெட்டைத் தூக்கி, சத்தத்தை அடக்க உள்ளே ஒட்டியிருந்த புதுக் கறுப்பு மெத்தையில் விளக்கை மாட்டி, இன்ஜினைக் கிளப்பினார். நல்ல இன்ஜின். பிசிறில்லாமல் ஓடியது.

அப்புறம் அது வந்தது.

கிர்ர்ர்... டொக் டொக்.

டாக்டர் உதட்டைச் சுழித்தார். தொளதொளத்த டைமிங் செயின். இதற்குப் போய் ஊரைக் கூட்டுகிறார்கள். ஸ்குரூடிரைவரைச் செயின் மூடியில் ஊன்றிக் கேட்டார். அங்கே சத்தமில்லை. ஆல்டர்னேட்டரில் வைத்தார். அங்கேயும் இல்லை. ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்து வேகத்தைக் கூட்டினார். இன்ஜின் அலறியது. வேகம் கூடினால் இன்ஜின் சத்தமும் கூடவே விரைய வேண்டும், அதுதான் கணக்கு. இதுவோ அதே நிதானத்தில், அதே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. எங்கிருந்தோ வந்த ஓட்டை வண்டி தன் காதுக்குப் போக்குக் காட்டுவதா? சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

கிர்ர்ர்... டொக் டொக்.

ஆயில் நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாசனை எழுந்தது. ஈரத்துணியின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வருமே, அந்த வாசனை. ஸ்குரூடிரைவரை இன்ஜினின் நடுமேனியில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே சின்னதாக இன்னொன்று இருந்தது. ஈரமாக இருந்தது.

மூச்சு இழுக்கும் சத்தம்.

எந்த இரும்பும் மூச்சு வாங்காது. உள்ளே யாரோ தொண்டையை உருட்டி, நாக்கை அண்ணத்தில் தட்டி, மூச்சு தீர்ந்ததும் இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறார்கள்.

விளக்கு ஆடியது. அதன் சூட்டில் பானெட் மெத்தையின் ஓரம் உரிந்து தொங்கியது. அடியில் தெரிந்த தகடு வெள்ளையாக இல்லை, நீலமாக இருந்தது. டாக்டர் மெத்தையைப் பற்றிக் கிழித்தார். நீலத்தின்மேல் அவருடைய கொழுத்த எழுத்து: 'சத்தம் வண்டியில் இல்லை. ஓட்டுபவர் தலையில்.' கீழே அவருடைய கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

தையல்கார அம்மாவின் நீலக் கார். இதே சத்தம் என்று மூன்று தடவை வந்தாள். மூன்றாம் தடவை ஐந்து முறை செய்துகாட்டச் சொன்னார். கண்ணில் நீர் முட்டச் செய்தாள். ஸ்குரூடிரைவரை ஒரு நிமிடம் இன்ஜினில் வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கி எந்திரிங்கம்மா" என்று அனுப்பிவைத்தார். நான்காம் நாள் மலை இறக்கத்தில் முன்பக்க இடது சக்கரம் மடங்கிக் கார் பள்ளத்தில் விழுந்தது. அவள் பிழைக்கவில்லை. சிதைந்த காரை லாரி இழுத்துக்கொண்டு போனபோது ஒரே பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. சத்தம் இன்ஜினில் இல்லை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்டில். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அவர் காது இன்ஜினைத் தாண்டிப் போகவில்லை. அன்று வெல்டரிடம் அவர் சொன்னதெல்லாம், "ஓட்டத் தெரியாததுங்க எல்லாம் ஏன்தான் வண்டி எடுக்குதுங்களோ" என்பதுதான்.

இன்னும் காதை விட்டு எடுக்காத ஸ்குரூடிரைவர் பிடிக்குள்ளிருந்து, வெகு அருகில், அடங்கிய குரல் ஒன்று கேட்டது.

"சரியா விழுந்துச்சா? இன்னொரு தடவை செஞ்சு காட்டவா?"

ஸ்குரூடிரைவர் கீழே விழுந்து உருண்டது.

ஜாக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. மனிதனாக இருந்தவன் அதை எடுத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்திருப்பான். டாக்டர் பானெட்டை அறைந்து சாத்திவிட்டு வெளியே ஓடிவந்தார். அந்தக் கார் தன் கொட்டகையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"வண்டில ஒண்ணுமில்ல சார். எடுங்க. உடனே எடுங்க."

"அப்ப அந்தச் சத்தம்?"

"எல்லாம் உங்க பிரமை. எடுங்க சார்!"

வாத்தியார் நம்பாமல் நின்றார். "அவ்வளவு பெரிய ஆளு சொல்றாரு, வாங்க" என்றாள் மனைவி. "பத்து மணிக்கு அங்க இருக்கணும்."

கார் வாசலில் சாக்கடைமேல் போட்டிருந்த இரும்புத் தகட்டில் ஏறி இறங்கியது.

டொக் டொக்.

இது வாயால் வந்ததல்ல, இரும்பு. முன்பக்கம், வலது சக்கரம். அன்று உடைந்தது இடது பக்கம். சிதைந்த காரை நிமிர்த்தி வெள்ளை அடித்து விற்றவர்கள் அதை மட்டும் மாற்றிவிட்டு, வலது பக்கத்து ஜாயின்டைப் பழையதாகவே விட்டிருக்கிறார்கள். டாக்டரின் காது இதில் தப்பாது. இறக்கம் இருநூறடி தூரத்தில் தொடங்கியது.

வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவுக்கு ஓடினார். கையை வீசினார். நிறுத்துங்க, கீழே இறங்காதீங்க என்று கத்த வாயைத் திறந்தார்.

"கிர்ர்ர்... டொக் டொக்."

வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தார்.

"கிர்ர்ர்... டொக் டொக்."

கார் வேகம் குறைந்தது. வாத்தியார் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். நடுத்தெருவில் கன்னத்தை உப்பிக்கொண்டு, கையைக் காலை ஆட்டி, தன்னைப் போலவே சத்தம் போடுகிற ஆளைப் பார்த்தார். அவர் முகம் சிவந்து சுருங்கியது.

"திரும்பாதீங்க," என்றாள் மனைவி. "அவனெல்லாம் ஒரு மனுஷனா?"

கண்ணாடி ஏறியது. கார் வளைவில் திரும்பி இறக்கத்தில் மறைந்தது.

டாக்டர் ஓடிவந்து வெல்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். இறக்கத்தைக் காட்டினார். கண்ணில் நீர் வழிய, அதே சத்தத்தை விடாமல் போட்டார். வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டயர்மேல் சரிந்தான். பெயின்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஐயோ டாக்டர், அச்சு அசலா அந்த வாத்தியாரேதான்! இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க!"

வெயில் காயும் தெருவில் இஸ்திரி வாசனை அடித்தது. டாக்டர் செய்து காட்டினார். நடுநடுவே இழுத்த மூச்சு மட்டும் அவருடையதாக இல்லை.