கையுறை இல்லாத படம்

மார்லிஸின் கைப்பேசி அவள் விரலை ஏற்க மறுத்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுத்தது. மேசைவிளக்கின் கீழே பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலில் ரேகை இல்லை. உரித்த அவித்த முட்டைபோல வழவழவென்று இருந்தது.

மினசோட்டாவில் ஜனவரிச் சனிக்கிழமை. மாலை ஐந்துக்கே கும்மிருட்டு. பல்கலைக்கழகச் செய்தித்துறையில் அவளைத் தவிர யாருமில்லை. சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல அவ்வப்போது சத்தமிட, ஜன்னலில் பனி மணலாய் உரச, ஆறிப்போன காப்பியின் வாடைக்கு நடுவே இன்னொரு வாடை, பிறந்த குழந்தையின் உச்சந்தலை வாடை, அவள் கையிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

பேராசிரியர்களின் கண்டுபிடிப்புகளை உலகத்துக்கு முழங்குவது அவள் வேலை. தலைப்பிலிருந்து 'எலிகளில்' என்ற சொல்லைத் தூக்குவதும், 'இன்னும் தெரியவில்லை' என்று முடியும் வரிகளை வெட்டுவதும் அத்துறையின் குலதர்மம். இல்லாவிட்டால் வாரத்துக்கொரு புரட்சிக்கு எங்கே போவது? இந்த வாரப் புரட்சி, டாக்டர் லிண்ட்க்விஸ்டின் களிம்பு. புண்ணில் தடவினால் புதுத் தோல் வளரும். திங்கட்கிழமை படமெடுத்தபோது, கையுறை பிணவறையை நினைவூட்டுகிறது, வேண்டாம் என்றவள் அவள்தான். பேராசிரியரின் விரல்கள் கட்டை குட்டையாக இருந்ததால், களிம்பை ஏந்திக் காட்டியதும் அவள் கைகள்தான். காகிதத்தில் துடைத்துக்கொண்டு, உதட்டை வருடியபடி தலைப்பு யோசிக்கப் போய்விட்டாள்.

மேசைத் தொலைபேசியில் அவரை அழைத்தாள்.

"டாக்டர், அந்தக் களிம்பு என் கையில பட்டிருந்துது. ரேகையெல்லாம் மறைஞ்சுபோச்சு."

"மனுஷத் தோல்லயேவா? அடி சக்கை! கழுவிடாத மார்லிஸ். முதல்ல போட்டோ எடு!"

"போட்டோ கிடக்கட்டும். இது எப்ப நிக்கும்?"

"நீதானம்மா எழுதினே, 'காயமே, போய் வா'ன்னு. எழுதினவளே பதறினா எப்படி?"

"எலிக்கெல்லாம் எப்ப நின்னுச்சு, டாக்டர்?"

மறுமுனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"அது... மூணு நாள் ஆய்வு. மூணாம் நாள் எல்லா எலியையும் கொன்னுடுவோம். எல்லா ஆய்வகத்துலயும் அதான் வழக்கம். எப்ப நிக்கும்னு தெரியலன்னு ஒரு வரி குடுத்தேனே. 'சப்புன்னு இருக்கு'ன்னு நீதான் வெட்டினே."

திங்கள். இன்று சனி.

தொலைபேசி ரிசீவரைப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்க முயன்றாள். நடுவிரலும் மோதிரவிரலும் பிரியவில்லை. இடையில் மெல்லிய சவ்வு. இளஞ்சிவப்பு. வெதுவெதுப்பு.

ஆம்புலன்ஸ் என்று சொல்ல நினைத்தாள். இடது கடைவாய் திறக்கவில்லை. காலையிலிருந்தே உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பனிக்காலத்து வறட்சி என்று வெண்ணெய் தடவியிருந்தாள். இப்போது வலது ஓரமும்.

வலியில்லை. துளிக்கூட வலியில்லை.

பிய்த்துவிடலாம். இடது கை நகத்தால். நகத்தைத் தேடினாள்.

நகம் இருந்த இடத்தில் தோல்.

"மார்லிஸ்? கேக்குதா? திங்கக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு நல்ல தலைப்பா யோசிச்சு வையேன்."

கறுத்த ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம். கண்கள். மூக்கு. அதற்குக் கீழே வெறுமை.

இருந்த மூச்சையெல்லாம் திரட்டி அலறினாள்.

வாயிருந்த இடத்தில் தோல் உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.