தொடாத தட்டு

யாரும் தொடாத தட்டில் விரல் பதிந்திருந்தது.

மஹ்மூதா தட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். ருவான்வெல்லை பஸாருக்குப் பின்னாலிருந்த அந்த வீட்டில், 2004 நோன்புக் காலத்து அடைமழையில், பகலிலேயே இருட்டு கட்டியிருந்தது. கணவன் ஸப்ரி ரப்பர் தோட்டங்களில் வாங்கிப் போட்ட ஒட்டுப்பால் மூட்டைகளின் முடைநாற்றம் முன்னறையிலிருந்து வந்தது, அதோடு பழகாத இன்னொரு வாடையும், இனிப்பாக, வெதுவெதுப்பாக.

அவள் விஞ்ஞான டீச்சர். நோன்பு துறக்கக் கடற்பாசி காய்ச்சும்போது, பாலும் சீனியும் போடுமுன் வகுப்பில் காட்டக் கொஞ்சம் எடுத்து, இறைச்சி ஆணத்தின் தெளிந்த சாறு கலந்து, மூன்று கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறைய வைப்பாள். ஒன்றில் அவள் விரல் வைப்பாள், ஒன்றில் ஆறு வயது மகள் ஸம்ஹா வைப்பாள், மூன்றாவது தொடாமல் மூடியிருக்கும். தொட்ட இடத்தில் பற்றீரியா வளரும், தொடாத தட்டு வெறுமையாக இருக்கும். சட்டியில் இருந்த இனிப்புக் கடற்பாசி முழுவதையும் இந்த முறை ஸம்ஹா ஒருத்தியே வழித்துத் தின்றிருந்தாள்.

மூன்றாவது தட்டில் இப்போது வெளிர்மஞ்சளாய் ஐந்து புள்ளிகள். சின்னவை.

"நீதானே தொட்ட?"

"இல்ல உம்மா."

"நோன்பு நாள்ல பொய் சொல்லப்படாது."

அதற்குப் பிறகு ஸம்ஹா வாய் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். குட்டு வெளிப்பட்டதில் வந்த வீம்பு என்று மஹ்மூதா விட்டுவிட்டாள்.

தட்டை அலுமாரியில் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மறுநாள் புள்ளிகள் விரல்களாக நீண்டு, உள்ளங்கையும் வந்திருந்தது. ஸப்ரியிடம் இன்னொரு சாவி இருக்குமோ என்று சந்தேகித்தாள். கேட்டதற்கு, நோன்புக் களைப்பு என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போனான்.

பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். உருண்டை, கோல், சுருள் என்று பிள்ளைகளுக்கு வரைந்து காட்டும் எந்த வகையிலும் இது சேரவில்லை. ஒரு உருண்டை. அதிலிருந்து ஐந்து கோல்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டானது. இரண்டும் மடங்கின. விரிந்தன.

பயந்துபோனாள். ஸம்ஹாவைக் கூப்பிட்டு அவள் கையைக் கண்ணாடி மூடிமேல் வைத்துப் பார்த்தாள். தட்டிலிருந்த கை இன்னும் சின்னது.

பிள்ளை பொய் சொல்லவில்லை.

யாருமே தொடவில்லை. அப்படியானால் அது கடற்பாசிக்குள்ளேயே இருந்தது. சட்டியிலேயே. அந்தச் சட்டியை வழித்தவள்...

மஹ்மூதா முழங்காலிட்டாள்.

"வாயத் தொற மகள். உம்மா ஏச மாட்டேன்."

ஸம்ஹா மாட்டேனென்று தலையாட்டினாள். கண் நிறைய நீர். இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்தினாள். மஹ்மூதா ஒவ்வொன்றாக விலக்கினாள்.

அதே இனிப்பு வாடை.

பள்ளிவாசலில் நோன்பு துறக்கும் மஃரிபு பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. உதடுகள் பிரிந்தன. பிள்ளை பிரிக்கவில்லை. நாக்கின் மேல், தொண்டைப் பக்கமிருந்து, வெளிர்மஞ்சளாய் ஐந்து விரல்கள் நீண்டு வந்தன.

கீழுதட்டைப் பிடித்தன.