மூன்றாம் மாடி நோயாளி

வந்தவர்கள் பேசவில்லை. முதல் தவறாக அதை அவள் மனத்துக்குள் குறித்துக்கொண்டாள். முதலுதவி செய்ய வருபவர், நோயாளிக்கு நினைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாம் யார் என்பதைச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கு முன்பும் என்ன செய்யப்போகிறோம் என்பதைக் கூற வேண்டும். சாரணியர் படையின் முப்பது பெண்களுக்கும் இதைத் தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவளே கற்றுக்கொடுத்திருந்தாள். பத்து மதிப்பெண்ணில் இரண்டு போயிற்று.

கண்ணைத் திறந்து யாரென்று பார்க்க வழியில்லை. மார்பில் குத்தியிருந்த அட்டையில் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ‘மாடிப்படியில் விழுந்தவர். நினைவில்லை. தாடை முறிவு. இரண்டு முன்கைகளிலும் முறிவு.’ மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. பிறரைப் பார்த்து “அசையாதீங்க, மூச்சப் பிடிங்க, இப்ப விடுங்க” என்று சொல்லத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. தானே அசையாமல் கிடப்பது எவ்வளவு கடினம் என்பது இன்றுதான் தெரிந்தது. முழங்காலுக்குப் பின்னால் அரித்தது. அரிப்பு அடங்கியதும் காதில் தொடங்கியது. முதுகுக்குக் கீழே தரைவிரிப்பின் பழைய பசை, மேகமூட்டமான அந்தப் பிற்பகலின் ஈரத்தில் இளகி, சட்டையோடு ஒட்டிக்கொண்டு, அவள் மூச்சு விடும்போதெல்லாம் மெல்லப் பிரிந்து மெல்ல ஒட்டியது.

அடுத்த மாதம் இடிக்கவிருந்த அலுவலகக் கட்டடம் அது. முதலுதவித் தேர்வுக்காக அரை நாள் கேட்டு வாங்கியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு தபால்காரர், முதல் மாடியில் ஒரு தையல்காரம்மா, மூன்றாம் மாடியின் கோப்பறையில் அவள்: மூன்று நோயாளிகள். ஐந்து அணிகள் தேடி வர வேண்டும். கண்டுபிடித்து, கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் முற்றத்துக்கு இறக்க வேண்டும்.

முந்தைய நாள் மாலை, கட்டுத்துணிகளை இஸ்திரி போட்டு முக்கோணமாக மடித்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் அதைக் கேட்டாள்.

“நீ ஏன்மா எல்லாத்துக்கும் வர்ற?”

“வராம? உங்களுக்கெல்லாம் கட்டுப் போட யாரு சொல்லித்தருவா?”

“நீ பக்கத்துல நின்னா ஒருத்தியும் என் பேச்சக் கேக்க மாட்டேங்கிறா. நான் அணித்தலைவியா, இல்ல எக்ஸ்ரே அக்கா பொண்ணா?”

“ரெண்டும்தான்.”

“பாத்தியா? இதுக்கும் ஒரு பதில் ரெடியா வச்சிருக்க.”

“சரி தாயே. நாளைக்கு நான் நோயாளி. வாயவே திறக்க மாட்டேன். போதுமா?”

“நீயா? வாயத் திறக்காமயா?”

மகள் சிரித்தாள், ஆனால் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். பதின்மூன்று வயதுப் பெண் கதவைச் சாத்தும் ஓசையில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் அதில் இருந்தது. அட்டையில் தாடை முறிவு ஏறியது அதன் பிறகுதான். அவளுக்கு இன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மகள் தன் அணியோடு வந்து, யாருடைய உதவியும் இன்றி, தன்னைக் கண்டுபிடித்துக் கீழே கொண்டுபோக வேண்டும். அதைத் தான் கெடுத்துவிடக் கூடாது.

இவர்கள் அந்த அணியாக இருக்க முடியாது. மகளின் அணியில் ரேடியோ என்று பெயரெடுத்த பெண் ஒருத்தி உண்டு. அவள் இருக்கும் இடத்தில் அரை நிமிடம் அமைதி நிலவினால் காய்ச்சலா என்று கேட்பார்கள். வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். ஆயினும் கட்டுப் போட்டதில் குறை சொல்ல இடமில்லை. தாடைக்கு அடியில் போன துணி உச்சந்தலையில் முடிந்தது. இன்னொன்று முகவாயைச் சுற்றிப் பிடரிக்குப் போயிற்று. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. எலும்பு அசையாதிருக்க வைக்கும் மரச்சட்டங்கள் இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் பொருந்தின. கைகள் சிறியவை, பெண்பிள்ளைகளின் கைகள். குளிர்ந்தவை, மழை வரும்போல் இருக்கும் நாளில் அதில் வியப்பில்லை.

பிறகு அவளுடைய விரல்களைச் சுற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றாக. அட்டையில் விரல் இல்லை, இரண்டு மதிப்பெண். கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டினார்கள், அட்டையில் காலும் இல்லை, இன்னும் இரண்டு. கண்களின் மேல் ஒரு துணி வந்து படிந்தது. இமைக்குள் தெரிந்த சாம்பல் வெளிச்சம் அணைந்தது.

துணி ஈரமாக இருந்தது.

அவள் துவைத்து, உலர்த்தி, காலையில் பையில் வைத்தபோதும் இஸ்திரியின் சூட்டு மணம் விடாதிருந்த துணிகள் அல்ல இவை. பல நாள் மாற்றப்படாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் அவற்றில் இருந்தது. ஓர் அணிக்கு ஆறு துணிதான். அவள் உடம்பில் இப்போது பத்துக்கு மேல் இருந்தன. மதிப்பெண் போடுவதை அவள் அப்போது நிறுத்தினாள்.

பாதி திறந்திருந்த சன்னல் வழியாக, கீழே முற்றத்திலிருந்து விசில் கேட்டது. நீளமாக மூன்று முறை.

அதைத் தொடர்ந்து ஒலிபெருக்கியில் படைத்தலைவியின் குரல். பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களை அதட்டிப் பழகிய குரல் அது.

“பொண்ணுங்களா, கவனிங்க! இருபது நிமிஷம். மூணு நோயாளி. யாரும் இன்னும் உள்ள போகல, எல்லாருக்கும் ஒரே ஆரம்பம். யாரு படியில ஓடி விழுந்தாலும் நாலாவது நோயாளின்னு சேத்துக்குவேன். போ!”

யாரும் இன்னும் உள்ளே போகவில்லை.

அவள் மேலிருந்த கைகள் நின்றன. அவையும் கேட்டுக்கொண்டிருந்தன. கணுக்காலில் இரண்டு, முழங்காலில் இரண்டு, ஒவ்வொரு கையிலும் இரண்டு, தலையில் நான்கு. எண்ணிக்கொண்டே வந்தவள் விலாவை எட்டியதும் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். அத்தனை பேர் குனிந்திருக்கும் இடத்தில் ஒருவருடைய மூச்சும் அவள் முகத்தில் படவில்லை.

கைகள் மீண்டும் தொடங்கின. முன்பைவிட வேகமாக.

வாக்கை மறந்து அவள் கத்தினாள். தாடை திறக்கவில்லை, மூக்கின் வழியே ஒரு முனகல் வந்தது, அதுவும் துணிக்குள் சுருண்டது. உடம்பை உதறினாள். நெற்றியில் ஓர் உள்ளங்கை வந்து அமர்ந்தது. அழுத்தவில்லை. பயந்த நோயாளிகளை எக்ஸ்ரே மேசையில் அவள் எப்படித் தொட்டு அடக்குவாளோ, அப்படியே தொட்டது.

படிக்கட்டில் காலடிகள். இவை ஓசை உள்ள காலடிகள். தடுமாறின, முட்டிக்கொண்டன, சிரித்தன.

“மூணாவது மாடின்னா லிஃப்ட் வைக்கணும்டி. இத மனித உரிமை மீறல்னு எழுதலாம்.”

“ரேடியோ, மூச்சு வாங்குறப்பவாவது பேசாம இரேன்.”

“நான் பேசலன்னா உங்களுக்கெல்லாம் மூச்சே வராது.”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஸ்ட்ரெச்சர நேரா பிடி. அந்தக் கதவு.” கடைசிக் குரல் மகளுடையது. அதட்டலாக, கொஞ்சம் நடுக்கமாக, அழகாக.

கைகள் விலகின. எல்லாம், ஒரே கணத்தில். விலகிய இடங்களில் துணி மட்டும் இருந்தது.

கதவு திறந்தது. காலடிகள் உள்ளே வந்து நின்றன.

“என்னடி இது,” என்றாள் ரேடியோ. “இத்தன பேரா?”

“மேடம் மூணுன்னுதானே சொன்னாங்க?” இது குண்டூசி, அணியில் எல்லாரிலும் ஒல்லியானவள். “இந்த ரூம்லயே பதினஞ்சு இருக்கும்போல. எல்லாம் ஒரே மாதிரி கட்டு.”

“பொம்மைடி. நம்மளச் சுத்த விடுறதுக்கு வச்சிருக்காங்க.” மகள் யோசித்தாள், யோசிக்கும்போது நாக்கால் அண்ணத்தைத் தட்டுவது அவள் வழக்கம், அந்தச் சிறு ஓசை கேட்டது. “இதுல ஒண்ணு எங்கம்மா. முகமெல்லாம் சுத்தி வச்சிருக்கு, தேட விட்டு வேடிக்கை பாக்கிறாங்க. மூச்சு பாருங்க. வாய்கிட்ட காது வச்சுக் கேளுங்க.”

நல்ல முடிவு. சரியான முடிவு. அவள் கற்றுக்கொடுத்ததுதான். மூக்கில் இருந்த அத்தனை காற்றையும் அவள் சீறி விட்டாள், இழுத்தாள், சீறினாள். அருகில் முழங்கால் ஊன்றும் ஓசை. கன்னத்தின் வெப்பம். ஷாம்பூ மணம்.

“இங்க மூச்சு வருது!” என்று கத்தினாள் குண்டூசி.

வா. வா, கண்ணே. உன் தலைவியைக் கூப்பிடு.

“இங்கயும் வருது,” என்றாள் ரேடியோ, அறையின் மறுகோடியிலிருந்து.

“இதுக்கும்,” என்றது இன்னொரு குரல்.

அவள் கேட்டாள். தன் மூச்சு என்று இதுவரை நினைத்திருந்த ஓசை, அறை முழுவதிலிருந்தும் வந்தது. அவள் இழுத்தபோது இழுத்தது. விட்டபோது விட்டது.

மூச்சைப் பிடித்தாள்.

அறை நின்றது.

“இப்ப வரல,” என்று குண்டூசி குழம்பினாள். “மிஷின் ஏதும் வச்சிருக்காங்களா?”

“விடு. வேற டெஸ்ட்.” மகள் நிமிர்ந்து நிற்பதும், குரலைச் சரிசெய்துகொள்வதும் ஓசையிலேயே தெரிந்தன. “நாங்க சாரணியர் படை. உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கோம். நான் பேசுறது கேக்குதுன்னா, கையப் பிடிக்கிறவங்க விரல அழுத்துங்க.”

குண்டூசியின் விரல்கள் அவளுடைய கையைத் தேடி வந்தன. சட்டத்தையும் துணியையும் தடவின. உள்ளே, ஒவ்வொன்றாகச் சுற்றப்பட்ட ஐந்து விரல்கள். அவள் அழுத்தினாள். தோள் வலிக்க, கண்ணீர் துணியில் ஊற, அழுத்தினாள். எதுவும் அசையவில்லை.

“இது பொம்மைதான்,” என்று சொல்லிவிட்டுக் குண்டூசி கையை வைத்தாள். மெதுவாக, மரியாதையாக வைத்தாள்.

“அழுத்திட்டாங்க!”

மகளின் குரல். அறையின் நடுவிலிருந்து.

“அழுத்திட்டாங்கடி, நெஜமா! எங்கம்மா கை எனக்குத் தெரியாதா? ஸ்ட்ரெச்சரக் கொண்டா. அம்மா, நான்தான். பயப்படாதீங்க. இப்ப உங்களத் தூக்கப் போறோம். ஒண்ணு, ரெண்டு, மூணு.”

தூக்கினார்கள். “யம்மா, என்னா கனம்,” என்றாள் ரேடியோ. “ஆன்ட்டி, அடுத்த தடவ சாப்பிடாம வாங்க.” சிரிப்பு. காலடிகள் வரிசையாக வெளியேறின. ஒருத்தியும் ஒரு விதியையும் மீறவில்லை.

படிக்கட்டு முழுவதும் மகளின் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நோயாளியிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பேசினாள். திருப்பம் வருது, கொஞ்சம் சாயும், பயப்படாதீங்க. இன்னும் ஒரு மாடிதான். பிறகு குரல் தாழ்ந்தது. மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள், ஆனால் காலிக் கட்டடத்தின் படிக்கட்டு எதையும் மறைப்பதில்லை.

“ம்மா, நேத்து அப்படிப் பேசினதுக்கு ஸாரி. நீ வரலாம். எப்பவும் வரலாம்.”

சற்று நின்றாள். பிறகு சிரித்தாள். “சரி, சரி, விரல விடு, வலிக்குது.”

மூன்றாம் மாடியில் கைகள் திரும்பி வந்தன. அவசரமில்லாமல்.

சன்னல் வழியாக முற்றத்தின் ஆரவாரம் ஏறி வந்தது. கைதட்டல். விசில். “பன்னெண்டே நிமிஷம்! முதல் அணி!” என்று படைத்தலைவி முழங்கினாள். “கட்டப் பிரிங்க, பாவம், மனுஷிக்கு மூச்சு முட்டப்போகுது. அணித்தலைவியே பிரிக்கட்டும்.”

துணி உருவும் ஓசை. ஒரு சுற்று, இரண்டு. பெண்கள் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள், இருபதில் பாட்டாகப் பாடினார்கள், நாற்பதில் சிரித்தார்கள்.

“யாருடி இப்படிச் சுத்தினது?” என்றாள் படைத்தலைவி. “துணிக்கடையையே சுத்தியிருக்கா.”

அறுபது. எண்ணும் குரல்கள் குறைந்தன. எண்பதில் சிரிப்பு இல்லை. யாரோ, “போதும் நிறுத்து,” என்றாள். ரேடியோவாக இருக்கலாம், அவள் குரல் அவ்வளவு மெல்லியதாக ஒருபோதும் இருந்ததில்லை. காலடிகள் பின்வாங்கின, சரளைக் கல்லில், ஒவ்வொன்றாக. ஒலிபெருக்கி கீழே விழுந்து கீச்சிட்டது. வெளிக்கதவை நோக்கிப் பலர் ஓடினார்கள்.

ஓடாதவள் ஒருத்தி.

“இன்னும் கொஞ்சம்தான்மா.”

துணி உருவியது. குவிந்தது. ஈரத்துணி ஈரத்துணியின் மேல் விழும் ஓசை.

“பயப்படாத. நான் இருக்கேன்.”

மேலே, கட்டுக்குள், அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அறையில் கிடந்த அத்தனையும் அவளோடு முனகின.

உருவியது. குவிந்தது. உருவியது.

“முடியப்போகுதும்மா. முகம் தெரியுது.”

ஓசை நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மகள் மறுபடி அழைத்தாள், “அம்மா,” என்று. அந்தக் குரல் தெளிவாக வரவில்லை. துணிக்குள்ளிருந்து வந்தது.